பழைய கேஸ் இருக்கிறது, கனடா பி.ஆர். போடலாமா? ஆவணம், தேதிக் கணக்கு, செலவு

வரப்புத் தகராறில் ஒரு 294(பி), 323, 506 (கெட்ட வார்த்தை, கையால் அடித்தல், மிரட்டல்). ராத்திரி வண்டி ஓட்டும்போது ஊதச் சொல்லிப் பிடித்த ஒரு டிரங்க் அண்ட் டிரைவ். மனைவி வீட்டார் கொடுத்து, பிறகு சமாதானமான ஒரு 498ஏ. இப்படி ஏதோ ஒன்று பின்னால் இருப்பவர்கள், கனடா குடியேற்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பெயரைப் போட்டுவிட்டு, மனு போடச் சொல்லி அழைப்பு வந்த பிறகுதான் கேஸைப் பற்றி யோசிக்கிறார்கள். அப்போது கையில் இருப்பது 60 நாள். தமிழ்நாட்டில் கோர்ட் நகல் வாங்கவே அது போதாமல் போகலாம்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு நிரந்தரக் குடியேற்றம் (பி.ஆர்.) கேட்பவர்களுக்கு. வேறு நாட்டுக்கு விதிகள் வேறு. உங்களுக்கு இந்தியாவில் என்ன தண்டனை கிடைத்தது என்பதைக் கனடா இரண்டாவதாகத்தான் பார்க்கிறது. அதே செயலைக் கனடாவில் செய்திருந்தால் அங்கே என்ன குற்றம், அதற்கு அதிகபட்சம் எத்தனை ஆண்டு என்பதே முதல் கேள்வி. நூறு ரூபாய் ஃபைனோடு முடிந்த கேஸ் அங்கே ‘கடுமையான குற்றம்’ ஆகலாம். இங்கே வருடக்கணக்கில் அலைக்கழித்த கேஸ் அங்கே ஒன்றுமில்லாமலும் போகலாம்.

1. கேஸ் எப்படி முடிந்தது என்பதை உறுதி செய்யுங்கள்

‘எல்லாம் முடிஞ்சிடுச்சு சார்’ என்று வக்கீல் சொன்னதை வைத்துப் படிவம் நிரப்பாதீர்கள். முடிவதில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் விளைவு வேறு.

ஸ்டேஷனில் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோயிருந்தால் அது வழக்கே இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டு, விசாரணையில் ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்றோ ‘ஆக்‌ஷன் டிராப்டு’ என்றோ முடித்திருந்தால், அந்த இறுதி அறிக்கை கோர்ட்டில் ஏற்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஸ்டேஷனில் ‘குளோஸ்’ என்று வாயால் சொல்லிவிட்டு, கோர்ட்டில் அறிக்கையே தாக்கல் ஆகாத கேஸ்கள் ஏராளம்.

‘ராஜி’ என்ற சொல்லுக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. 323 போன்ற பிரிவுகளில் மாஜிஸ்திரேட் முன்பே சமாதானமாகலாம், சட்டப்படி அதன் விளைவு விடுதலை. ஆனால் 294(பி), 324 (ஆயுதத்தால் அடித்தல்), 498ஏ ஆகியவை அப்படிச் சமாதானமாகிற பிரிவுகள் அல்ல. உயர் நீதிமன்றத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482-இல் மனு போட்டு (2024 ஜூலை 1-க்குப் பிறகு அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். 528) ரத்து உத்தரவு வாங்கியிருக்க வேண்டும். இரு தரப்பும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டது எதையும் முடிக்காது. அந்த கேஸ் இன்னும் உயிரோடுதான் இருக்கும்.

கிட்டத்தட்ட எல்லோரும் சறுக்கும் இடம் எஸ்.டி.சி. கேஸ், அதாவது சுருக்க விசாரணையில் முடியும் சின்ன கேஸ். ‘ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துட்டேன், கேஸ் எல்லாம் இல்லை’ என்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு மாஜிஸ்திரேட் விதித்த ஃபைனைக் கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பு. அன்றைக்கே அரை மணி நேரத்தில் வீடு திரும்பியிருந்தாலும் அப்படித்தான். ஹெல்மெட், சிக்னல் மாதிரியான வெறும் போக்குவரத்து அபராதம் வேறு, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107, 110-இல் வாங்கும் நன்னடத்தைப் பிணை தண்டனை அல்ல. குண்டர் சட்டத்தில் உள்ளே இருந்ததும் தண்டனை அல்ல. ஆனால் படிவத்தில் ‘எப்போதாவது காவலில், சிறையில் வைக்கப்பட்டதுண்டா’ என்ற கேள்வி தனியாக இருக்கிறது, அதற்கு ஆம் என்றுதான் எழுத வேண்டும். நன்னடத்தைச் சட்டம் 4-ஆம் பிரிவில் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டிருந்தால், இங்கே தகுதி இழப்பு நீங்கும். அது கனடாவில் தானாகப் பொருந்திவிடாது, தீர்ப்பை முழுதாகக் கொடுத்து விளக்க வேண்டும்.

விடுதலையானவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘சந்தேகத்தின் பலன்’ கொடுத்து விட்டார்களா, முழுதாக விட்டார்களா என்பது இங்கே அரசு வேலைக்குப் பெரிய விஷயம். கனடாவைப் பொறுத்தவரை இரண்டுமே தண்டனை இல்லாத நிலை. ஆனால் அவர்களுடைய சட்டத்தில், தண்டனை இல்லாவிட்டாலும் ‘செயலைச் செய்தார் என்று நம்ப நியாயமான காரணம்’ இருந்தால் மறுக்க இடமுண்டு. ஆகவே விடுதலைத் தீர்ப்பின் முழு நகலும் தேவை. கடைசிப் பக்கம் மட்டும் போதாது.

கேஸ் நடந்துகொண்டிருந்தால் பி.ஆர். மனுவைத் தள்ளிவையுங்கள். முதலில் கேஸ் முடியட்டும்.

2. கோர்ட் ஆவணங்களைத் திரட்டுங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது. அழைப்பு வருவதற்கு ஐந்தாறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

முதலில் எண்கள் வேண்டும்: ஸ்டேஷன் பெயர், குற்ற எண், ஆண்டு, கோர்ட்டில் சி.சி. அல்லது எஸ்.டி.சி. எண். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரை வைத்தோ எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்தோ தேடலாம். கிடைத்தால் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பெயர்களில் இனிஷியல் முன்னால், பின்னால், இல்லாமல் என்று மூன்று விதமாகப் பதிவாகியிருக்கும், எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். கணினி வருவதற்கு முந்தைய கேஸ் என்றால் அந்தத் தளத்தில் இருக்காது. கோர்ட் அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் பார்த்து இறக்கலாம், பழையதும் சில வகை வழக்குகளும் அங்கே வராது.

வாங்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, ஃபைன் கட்டிய ரசீது அல்லது கட்டியதைக் காட்டும் பதிவு. மேல்முறையீடு இருந்தால் அந்தத் தீர்ப்பும், ரத்து ஆகியிருந்தால் உயர் நீதிமன்ற உத்தரவும். எல்லாம் கோர்ட் முத்திரையிட்ட சான்றிட்ட நகலாக இருக்க வேண்டும். வக்கீலின் கேஸ் கட்டிலிருந்து எடுத்த ஜெராக்ஸ் செல்லாது.

நகல் மனுவை அதே கோர்ட்டின் நகல் பிரிவில் போட வேண்டும். ஸ்டாம்ப் ஒட்டி மனு கொடுத்தால் எத்தனை பக்கம், எவ்வளவு கட்ட வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் போடுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தக் கோர்ட்டிலேயே பிராக்டிஸ் செய்யும் வக்கீல் ஒருவரைப் பிடிப்பது நல்லது. சென்னையில் பெரிய வக்கீலாக இருந்தாலும் சங்கரன்கோவில் கோர்ட் நகல் பிரிவில் தினமும் போய்ப் பலகையைப் பார்க்க அவரால் முடியாது.

மாவட்டம் பிரிந்த ஊர்களில் கூடுதல் அலைச்சல் இருக்கும். தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு 2019-இலும் மயிலாடுதுறை 2020-இலும் தனி மாவட்டங்களாயின. பழைய கட்டு தாய் மாவட்ட ஆவண அறையில் இருக்கிறதா, புதிய இடத்துக்கு வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு மனு போடுங்கள்.

பழைய கட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். அப்படியானால் ‘இல்லைன்னு சொல்லிட்டாங்க’ என்று திரும்பி வராதீர்கள். ஆவணம் அழிக்கப்பட்டது என்று நகல் மனுவிலேயே எழுதித் திருப்பித் தரச் சொல்லுங்கள், பதிவேட்டில் அந்த வழக்கு வரியின் நகலையும் கேளுங்கள். அந்த ஒரு வரியில் பிரிவு, முடிவு, தேதி மூன்றும் இருக்கும். தீர்ப்பு கிடைக்காத இடத்தில் கனடா அதிகாரியிடம் காட்ட அதுதான் இருக்கிறது.

3. அந்தச் செயல் கனடாவில் என்ன குற்றம் என்று பொருத்திப் பாருங்கள்

கனடா குடிவரவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு குற்றங்களை இரண்டு தட்டாகப் பிரிக்கிறது. கனடாவில் அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான குற்றம். அதற்குக் கீழே என்றால் சாதாரணக் குற்றம். அங்கே சம்மரி (சுருக்க விசாரணை) முறையில் மட்டுமே விசாரிக்கக்கூடிய சில்லறைக் குற்றம் ஒன்றே ஒன்று இருந்தால் தடையே இல்லை, வெவ்வேறு சம்பவங்களில் இரண்டு இருந்தால் தடை. சம்மரியாகவும் விசாரிக்கலாம், பெரிய குற்றமாகவும் விசாரிக்கலாம் என்றுள்ள குற்றத்தை அவர்கள் பெரிய குற்றமாகவே கணக்கில் எடுப்பார்கள்.

நம் ஊரில் அடிக்கடி வரும் பிரிவுகளை எடுத்துக்கொள்வோம். பழைய ஐ.பி.சி. எண்ணையே சொல்கிறேன், 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவங்கள் எல்லாம் அந்த எண்ணிலேயே இருக்கும்.

294(பி), பொது இடத்தில் கெட்ட வார்த்தை. கனடாவில் இதற்கு நெருக்கமானது பொது இடத்தில் தொந்தரவு செய்தல், அந்த நாட்டு கிரிமினல் சட்டத்தின் 175-ஆம் பிரிவு. சம்மரி குற்றம் மட்டுமே. இது தனியாக ஒன்று இருந்தால் தடையாகாது.

323, கையால் அடித்தல். அங்கே 266, அதிகபட்சம் 5 ஆண்டு. சாதாரணத் தட்டு.

324, ஆயுதத்தால் அடித்தல். அங்கே 267, அதிகபட்சம் 10 ஆண்டு. கடுமையான தட்டு. வாய்ச்சண்டையில் கைக்குக் கிடைத்த விறகுக்கட்டையால் ஒரு அடி அடித்து, இங்கே ஆயிரம் ரூபாய் ஃபைனோடு போன கேஸ் இந்தத் தட்டில்தான் விழும். எலும்பு முறிவு என்று 325 போட்டிருந்தாலும் அதே கதை.

506, மிரட்டல். அங்கே 264.1. கொல்வேன், வெட்டுவேன் என்றால் அதிகபட்சம் 5 ஆண்டு. சாதாரணத் தட்டு. நம் எஃப்.ஐ.ஆர்.களில் இது தாளிப்பு மாதிரி எல்லாவற்றிலும் விழும். தீர்ப்பில் எந்தெந்தப் பிரிவில் தண்டனை, எதில் விடுதலை என்று பிரித்துப் பாருங்கள், எஃப்.ஐ.ஆரில் இருந்த எல்லாம் உங்கள் தலையில் இல்லை.

379 திருட்டும் 420 மோசடியும் தொகையைப் பொறுத்தவை. 5,000 கனடா டாலருக்கு, ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய்க்குக் கீழே என்றால் இரண்டுக்குமே அதிகபட்சம் 2 ஆண்டு. மேலே போனால் திருட்டு 10, மோசடி 14. ஆகவே தீர்ப்பில் தொகை தெளிவாக இருக்கும் பக்கம் கட்டாயம் சேர வேண்டும்.

செலாவணி முறிச் சட்டம் 138, செக் பவுன்ஸ். கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பியது மட்டும் கனடாவில் குற்றமாகாது, ஏமாற்றும் நோக்கம் இருந்திருக்க வேண்டும். நம் 138-இல் நோக்கத்தை நிரூபிக்கவே தேவையில்லை. இந்த வேறுபாட்டை விளக்கக் கடிதத்தில் பிரிவு எண்ணோடு எழுதினால் பல கேஸ்கள் இங்கேயே முடிந்துவிடும். அதே சம்பவத்துக்கு 420-உம் சேர்த்துப் போட்டிருந்தால் இந்த வாதம் எடுபடாது.

304ஏ, விபத்தில் மரணம். அங்கே ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தல், அதிகபட்சம் ஆயுள். பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் கனடாவில் வெறும் கவனக்குறைவு போதாது, நியாயமான ஓட்டுநரின் நடத்தையிலிருந்து வெகுவாக விலகியிருக்க வேண்டும். தீர்ப்பில் வேகம், சாலை, வெளிச்சம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இது வக்கீல் வேலை, நீங்களே எழுத வேண்டாம்.

498ஏ-க்கு நேர் இணை அங்கே இல்லை. தீர்ப்பில் நிரூபணமான செயலைப் பார்ப்பார்கள்: அடித்ததா, மிரட்டியதா, தொடர்ந்து தொல்லை கொடுத்ததா. உயர் நீதிமன்றத்தில் ரத்தாகியிருந்தால் தண்டனை என்ற பேச்சே இல்லை.

இனி டிரங்க் அண்ட் டிரைவ். மோட்டார் வாகனச் சட்டம் 185-இல் கோர்ட்டில் ஃபைன் கட்டியதை யாரும் கிரிமினல் கேஸாக நினைப்பதில்லை. கனடாவிலோ 2018 டிசம்பர் 18 முதல் இதன் அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு ஆனது. அன்றிலிருந்து அது கடுமையான தட்டு. அந்தத் தேதிக்கு முன் நடந்ததென்றால் பழைய உச்சவரம்பான 5 ஆண்டை வைத்து வாதிட இடமுண்டு.

கவனிக்க வேண்டியது அளவு. இங்கே 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம். கனடாவின் கிரிமினல் சட்டத்தில் 80. உங்கள் ஊதுகருவி ரசீதில் 52 என்று இருந்தால், அளவை மட்டும் வைத்து அங்கே குற்றம் ஆகாது. தடுமாறி ஓட்டினார் என்ற வேறு சாட்சி இருந்தால்தான் ஆகும். அந்தத் துண்டு ரசீதை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்? அதுதான் கேஸையே மாற்றும் தாள். கோர்ட் கட்டில் இருக்கும், நகல் மனுவில் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வெப்பத்தாளில் அச்சான மூலம் உங்களிடம் இருந்தால் எழுத்து மங்குவதற்குள் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

18 வயதுக்கு முன் நடந்து, சிறார் நீதிக் குழுமத்தில் முடிந்தது பொதுவாகத் தடையாகாது. குழுமத்தின் உத்தரவு இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

4. தேதிக் கணக்கு போடுங்கள்

கணக்கு தொடங்குவது தண்டனை முழுதாக முடிந்த நாளிலிருந்து. குற்றம் நடந்த நாளையும் தீர்ப்பு நாளையும் வைத்து எண்ணாதீர்கள். வெறும் ஃபைன் என்றால் கட்டிய நாள். சிறை என்றால் தண்டனைக் காலம் முடிந்த நாள். நன்னடத்தைக் காலம் இருந்தால் அது முடிந்த நாள். லைசென்ஸை ஆறு மாதம் முடக்கி உத்தரவிட்டிருந்தால் அந்த ஆறு மாதம் முடிந்த நாள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், சில மாத வித்தியாசத்தில் மனு அடிபடும்.

சாதாரணத் தட்டில் ஒரே ஒரு குற்றம், முடிந்து 10 ஆண்டு ஆகிவிட்டது, வேறு குற்றம் எதுவும் இல்லை: தானாகவே திருந்தியவராகக் கருதப்படுவீர்கள். தனி மனு, தனிக் கட்டணம் வேண்டாம், ஆனால் விவரமும் ஆவணமும் கொடுத்தே ஆக வேண்டும். சம்மரி குற்றம் இரண்டோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு.

5 ஆண்டு ஆகிவிட்டது, 10 ஆகவில்லை என்றாலோ, கடுமையான தட்டு என்றாலோ திருந்தியவர் என்று ஏற்கக் கேட்கும் ரீஹாபிலிடேஷன் மனு போட்டு அனுமதி வாங்க வேண்டும். கடுமையான தட்டுக்கு இருபது வருடம் ஆனாலும் தானாக நீங்காது. 5 ஆண்டே ஆகவில்லை என்றால் அந்த மனுவும் போட முடியாது. தற்காலிகத் தங்கல் அனுமதி என்று ஒன்று இருக்கிறது, அது தவிர்க்க முடியாத பயணத்துக்கானது. பி.ஆர். கனவை அதன்மேல் கட்டாதீர்கள்.

கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத் தடை என்றால் மற்றவர் மனுவும் விழும். ‘அவரை விட்டுட்டு நான் மட்டும் போடறேன்’ என்பதும் உதவாது. சட்டப்படியோ நடைமுறையிலோ பிரிந்திராத கணவன் அல்லது மனைவி உடன் வராவிட்டாலும் பரிசோதனைக்கு உட்பட்டவரே.

5. பி.சி.சி. வாங்குங்கள்

கனடாவுக்குத் தேவை பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பி.சி.சி. என்ற போலீஸ் நற்சான்று. தமிழ்நாடு காவல்துறை இணையத்தில் தரும் சரிபார்ப்புச் சான்று வேறு, அதை வைத்து ஏமாறாதீர்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பம், கட்டணம் 500 ரூபாய், சேவா மையத்தில் நேரில் ஆஜர், பிறகு ஸ்டேஷன் விசாரணை. நீங்கள் இப்போது இருக்கும் நாட்டின் சான்று, மனு தாக்கல் செய்யும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஆகவே ரொம்பச் சீக்கிரமும் வாங்காதீர்கள். 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 ஆண்டில், தொடர்ந்து 6 மாதம் அல்லது அதற்கு மேல் இருந்த ஒவ்வொரு நாட்டின் சான்றும் வேண்டும். சிங்கப்பூர், துபாய், சவூதியில் வேலை பார்த்தவர்கள் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

விசாரணைக்கு வரும் காவலரிடம் கேஸை மறைக்காதீர்கள். விடுதலை அல்லது ரத்து உத்தரவின் நகல் ஒன்றை அவர் கையில் கொடுங்கள். ஸ்டேஷன் கணினியில் உங்கள் கேஸ் இன்னும் ‘விசாரணையில்’ என்றே நிற்கலாம், கோர்ட் முடிவை அங்கே ஏற்றியிருக்க மாட்டார்கள். பாதகமான அறிக்கை போய்விட்டால் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதற்குச் சான்றிட்ட நகல்களோடு நேரில் போங்கள். இன்னொரு தொல்லை, அதே பெயரும் அதே தகப்பனார் பெயரும் உள்ள வேறொருவரின் கேஸ் உங்கள் மேல் ஏறுவது. பிறந்த தேதி, முகவரி ஆதாரத்தோடு அது நீங்கள் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

பி.சி.சி. கிடைக்கவே தாமதமானால், விண்ணப்பித்த ரசீது, அலுவலகக் கடிதம், உங்கள் விளக்கம் மூன்றையும் அந்த இடத்தில் பதிவேற்றுங்கள். அதை காலியாக விட்டால் மனு முழுமையற்றது என்று திரும்பும்.

6. படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதுங்கள்

ஒவ்வொரு படிவமும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. ஒன்றில் ‘தண்டிக்கப்பட்டீர்களா, இப்போது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறீர்களா’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா’ என்று இருக்கும். ரத்தான கேஸுக்கு முதலாவதில் இல்லை என்பது சரியாக இருக்கலாம், இரண்டாவதில் அது பொய். ஸ்டேஷனில் ஜாமீன் கொடுத்து அனுப்பியிருந்தாலும் கைது கைதுதான்.

மறைத்தது தெரிந்தால் கனடா குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு: ஐந்து ஆண்டு எந்த மனுவும் போட முடியாத தடை. தடையே ஆகாத 294(பி)-யை மறைத்து இந்தத் தடையை வாங்கிக்கொள்வதைவிட முட்டாள்தனம் இல்லை. முன்பு மாணவர் விசாவிலோ சுற்றுலா விசாவிலோ ‘இல்லை’ என்று எழுதியிருந்தால், அது அவர்கள் கோப்பில் இருக்கிறது. இப்போது ‘ஆம்’ என்று எழுதி, அன்று ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளோடு கனடா குடிவரவுத் தகவல் பகிர்கிறது, ஒரு நாட்டில் ஆம், இன்னொன்றில் இல்லை என்பது நிற்காது.

7. மொழிபெயர்ப்பும் விளக்கக் கடிதமும்

எஃப்.ஐ.ஆர்., மாஜிஸ்திரேட் தீர்ப்பு எல்லாம் தமிழில் இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் சத்தியப் பிரமாணம், மூலத்தின் சான்றிட்ட நகல் மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். நீங்களோ குடும்பத்தாரோ மொழிபெயர்த்தால் ஏற்க மாட்டார்கள். வந்த மொழிபெயர்ப்பை வரிக்கு வரி பாருங்கள். சாதாரண காயத்தைக் கொடுங்காயம் என்று எழுதிவிட்டால் 323-க்கு உரிய செயல் 325 ஆகி, தட்டே மாறிவிடும்.

விளக்கக் கடிதம் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன நடந்தது, எந்தப் பிரிவு, என்ன முடிவு, எந்த நாளில் தண்டனை முடிந்தது, கனடாவில் எதற்கு இணை, ஏன் தடையில்லை என்று அந்த வரிசையில் எழுதுங்கள். கோர்ட் ஆவணத்தில் இல்லாத புதுக் கதை எதுவும் கூடாது. ‘பொய் கேஸ் போட்டார்கள்’ என்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிய கேஸில் எழுதினால், நீங்கள் இன்னும் பொறுப்பேற்கவில்லை என்றுதான் அதிகாரி படிப்பார். சம்பந்தப்பட்ட இந்தியச் சட்டப் பிரிவின் முழு வாசகத்தையும் அச்செடுத்து இணையுங்கள்.

8. ரீஹாபிலிடேஷன் மனு

தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும். படிவம் ஐ.எம்.எம். 1444, அதற்கான வழிகாட்டி எண் 5312. எந்த அலுவலகத்துக்கு எப்படி அனுப்புவது என்பதை அனுப்பும் நாளில் அந்த வழிகாட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய முகவரிக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. கட்டணம் சாதாரணத் தட்டுக்கு ஏறத்தாழ 250 கனடா டாலர், கடுமையான தட்டுக்கு ஏறத்தாழ 1,200. ஆண்டுதோறும் டிசம்பர் தொடக்கத்தில் கொஞ்சம் ஏறும். முடிவு வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

அதிகாரி பார்ப்பது இனி இப்படி நடக்குமா என்பதைத்தான். தொடர்ந்த வேலை, வருமான வரிக் கணக்கு, குடும்பம், அதற்குப் பிறகு கேஸ் இல்லாத சான்று எல்லாம் வையுங்கள். குடிபோதை கேஸ் என்றால் மருத்துவர் மதிப்பீடு நல்ல பலம். நற்சான்றுக் கடிதம் கொடுப்பவர், உங்கள் கேஸ் என்னவென்று தமக்குத் தெரியும் என்று கடிதத்திலேயே எழுத வேண்டும். ‘மிகவும் நல்லவர், பண்பானவர்’ என்று பஞ்சாயத்துத் தலைவர் லெட்டர்பேடில் நாலு வரி வாங்கி வைப்பதில் பயனில்லை.

9. செலவும் வரிசையும்

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஒருவருக்கான பி.ஆர். கட்டணம் 2024 ஏப்ரலில் 1,525 டாலர், அதில் 575 குடியேற்ற உரிமைக் கட்டணம். இந்தக் கட்டணங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் மாறும். மனு மறுக்கப்பட்டால் குடியேற்ற உரிமைக் கட்டணம் திரும்பும், மீதி போனது போனதுதான். கைரேகைக்கு 85 டாலர். இதற்கு மேல் மருத்துவப் பரிசோதனை, மொழிபெயர்ப்பு, நோட்டரி, இங்கே நகல் எடுக்கும் வக்கீல். சிக்கலான கேஸில் கனடா வக்கீலின் எழுத்துபூர்வக் கருத்து வாங்குவது செலவுதான், ஆனால் 324, 304ஏ, 420 மூன்றுக்கும் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

வரிசை: முதலில் கோர்ட் நகல், பிறகு இணை குற்றமும் தேதிக் கணக்கும். ரீஹாபிலிடேஷன் தேவை என்றால் அதுபற்றி முடிவெடுத்த பிறகே ஆங்கிலத் தேர்வும் படிப்புச் சான்று மதிப்பீடும். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். பலர் அதை முதலில் எழுதிவிட்டு, நகலுக்கு அலையும்போது காலாவதியாக விடுகிறார்கள்.

10. ஏஜென்டும், பிறகு வரும் கடிதமும்

‘கேஸைப் போடாதீங்க, இந்தியா கேஸ் அவங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லும் ஏஜென்டிடமிருந்து அன்றே வெளியே வந்துவிடுங்கள். படிவத்தில் கையெழுத்து உங்களுடையது, தடையும் உங்களுக்கே. பணம் வாங்கி ஆலோசனை சொல்பவர் ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பான கனடா குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவராகவோ கனடா வக்கீலாகவோ இருக்க வேண்டும். கல்லூரியின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள், உங்கள் சார்பில் அவர் ஆஜராகும் ஐ.எம்.எம். 5476 படிவத்தில் கையெழுத்திட மறுத்தால் காரணம் புரிந்துவிடும்.

மனு போன பிறகு சந்தேகம் இருந்தால் அதிகாரி மறுப்பதற்கு முன் ஒரு கடிதம் அனுப்புவார், பதில் சொல்லப் பெரும்பாலும் 30 நாள். அது மறுப்பு இல்லை, கடைசி வாய்ப்பு. கடிதத்தில் எந்தப் பிரிவைக் குறித்திருக்கிறார் என்று பாருங்கள். 36 என்றால் இணை குற்றம் பற்றிய வாதமும் ஆவணமும். 40 என்றால் மறைத்ததாகக் குற்றச்சாட்டு, அதற்கு வக்கீல் இல்லாமல் பதில் எழுத வேண்டாம். 30 நாளில் கோர்ட் நகல் வராது என்று தெரிந்தால் நாளைக் கடத்தாமல், நகல் மனு போட்ட ரசீதை இணைத்து, கெடு முடிவதற்குள் கூடுதல் அவகாசம் கேளுங்கள்.